கடாரம் போன தாத்தா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். விடுதிச் சாப்பாடு, வகுப்பைக் கட் அடித்துப் பார்த்த சினிமா, தேர்வுக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை. ஆகவே இந்தக் கல்லூரியில் படிக்காத ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் இந்த வளாகத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. அவர் என் தாத்தா, என் அப்பாவைப் பெற்றவர்.

1973-ஆம் வருஷம். பி.ஏ. வரலாறு முதலாண்டு. எங்கள் பேராசிரியர் ராஜேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்பை நடத்திக்கொண்டிருந்தார். 1025-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் போன படை, கடாரம் வென்றது, 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம், நம் பெரிய கோயில் கல்வெட்டில் அந்த வெற்றிகளின் பட்டியல் இருப்பது, எல்லாம் மணிமணியாகச் சொன்னார். "கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா மாநிலம்" என்று அவர் சொன்னதும், பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் "கெடாவா, ஆடா?" என்று கேட்டு, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பியூன் வந்து நின்றார். "உன்னைப் பாக்க ஒரு பெரியவர் வந்திருக்காரு."

வெளியே போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் தாத்தா நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட கைலி, அரைக்கைச் சட்டை, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. கைலிக்கு ஷூ போடுகிற ஆளை எங்கள் ஊரிலேயே யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு குடை. என்னோடு இரண்டு நண்பர்களும் வந்தார்கள். தாத்தா என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்து, "மாக்கான் ஆச்சா?" என்று கேட்டார். மலாய் பாஷையில் மாக்கான் என்றால் சாப்பாடு. நாற்பது வருஷத்துப் பழக்கம், நாக்கில் ஒட்டிக்கொண்டது. நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருடா இது?" என்று ஒருத்தன் காதோரம் கேட்டான்.

நான் சொன்னேன்: "எங்க வயல்ல வேலை பாக்குற பெரியவர்."

மெதுவாகத்தான் சொன்னேன். தாத்தா இடுப்பு முடிச்சை அவிழ்த்து விடுதிக் கட்டணத்தை எண்ணி என் கையில் கொடுத்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வரேங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த "வரேங்க"வை நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் அவர் என்னிடம் "வரேன்டா" என்றுதான் சொல்வார். "ங்க" போட்டால், நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். நான் கொடுத்த வேஷத்தை அவர் ஏற்றுக்கொண்டு, பேரனுக்குக் கௌரவக் குறைவு வராமல் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். இந்தக் கல்லூரிப் பக்கம் மறுபடி வரவில்லை. அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தஞ்சாவூர் ஜில்லா என்றாலே காவிரியும் பச்சை வயலும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பழைய டெல்டாவுக்கு அது சரி. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் காவிரித் தண்ணீர் கிடையாது. ஏரி, குளம், வானத்து மழை, அவ்வளவுதான். வரகு, கேழ்வரகு, கடலை. மழை தவறினால் அதுவும் இல்லை. அப்படி ஒரு வருஷம்தான், 1926-இல், பதினெட்டு வயதில் தாத்தா கப்பல் ஏறினார்.

ஊரில் ஒரு கங்காணி வந்திருந்தாராம். கங்காணி என்றால் யாரோ வெளியூர்த் தரகர் இல்லை. அக்கரைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள். தோட்டத் துரை அவரிடம் லைசென்ஸ் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் உன் ஜனங்களை அழைத்து வா" என்று அனுப்புவார். சில்க் ஜிப்பா, கைக்கடிகாரம், வாய் நிறைய வெற்றிலை. "அங்க மரத்தை லேசாக் கீறினாப் போதும், பாலு கொட்டும், வெள்ளி கொட்டும்" என்பார். கூட்டிக்கொண்டு போன ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று கிடைக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த முறை 1910-இலேயே மலாயாவில் நின்றுவிட்டது. அதன் பிறகு நடந்தது இந்தக் கங்காணி முறைதான். கப்பல் செலவைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து போட்ட நிதி ஏற்றுக்கொள்ளும். தாத்தா போன அந்த 1926-இல் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

நாகப்பட்டினத்தில் ஆழமான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். தாத்தாவுக்கு அந்தப் படகில்தான் முதல் வாந்தி. கப்பலில் மேல்தளத்து டிக்கெட், அதாவது பாய் விரித்த இடம்தான் உங்களுக்குச் சொந்தம். ஒரு வாரம் கடல். பினாங்கு போய்ச் சேர்ந்ததும் நேராக ஊருக்குள் விட மாட்டார்கள். பக்கத்தில் ஜெரெஜாக் என்று ஒரு தீவு. அங்கே நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். தாத்தாவை அனுப்பிய தோட்டம் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி பக்கம்.

ஆமாம், அதே கெடாதான். கடாரம்.

கல்வெட்டில் இருந்த கடாரமும், திண்ணையில் உட்கார்ந்து தாத்தா சொல்கிற கெடாவும் ஒன்று என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் முதலாவதைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினால் மார்க்கு உண்டு, இரண்டாவதற்கு மார்க்கு கிடையாது. ராஜராஜன் காலத்திலேயே ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் சூடாமணி விகாரம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமாகக் கொடுக்கப்பட்டது என்று நான் இரண்டு பக்கம் எழுதினேன். அதே நாகையில் படகேறி அதே கடாரத்துக்குப் போய்ச் சுமார் நாற்பது வருஷம் பால் வெட்டிய மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவராகப் பேச மாட்டார். துண்டு துண்டாகத்தான் வரும். விடியக் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். தோட்டத்தில் இருட்டோடு 'பெரட்டு'க்கு நிற்க வேண்டும், அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விடியும்போதே வெட்டத் தொடங்க வேண்டும். ஓர் ஆளுக்கு முந்நூறு மரத்துக்கு மேல். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் கிராணியிடம் வசவு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. நம் ஊரில் மழை வந்தால் எல்லோர் முகமும் மலரும். தாத்தா மட்டும் வானத்தைப் பார்த்து, "இன்னிக்குப் பெரட்டு இல்லை" என்று முணுமுணுப்பார். சின்ன வயதில் அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அவர் போன காலத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, மலாயா வெள்ளியில் பாதி. 1930-இல் ரப்பர் விலை உலகம் முழுக்கச் சரிந்தபோது அதை 40 ஆக்கினார்கள். பிறகு வேலையே இல்லை என்றார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவும் 1931-இல் வெறுங்கையோடு வந்து இறங்கினார். மறுவருஷம் கல்யாணம். 1934-இல் என் அப்பா பிறந்தார்.

அந்த 1934 எங்கள் பக்கத்துக்குப் பெரிய வருஷம். மேட்டூர் அணை முடிந்தது அப்போதுதான். கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாயில், 'புது ஆறு' என்று நாம் சொல்கிறோமே, அதில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்த பூமிக்கு ஆற்றுத் தண்ணீர்! தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, ஜனங்கள் கால்வாய்க் கரையில் நின்றார்களாம். கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தாத்தாவும் போய் நின்றிருக்கிறார். என் அப்பாயி இதை எனக்குச் சொன்னார்.

"தண்ணி வந்துச்சு, சரி. பாய நெலம் வேணும்ல? நம்மகிட்ட ஏது? ஒங்க தாத்தா அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல. ஒரு மூணு மா வாங்குற காசு சேத்துட்டு வந்துடறேன்னு சொன்னாரு. போயிட்டாரு."

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். தண்ணீர் இல்லாததால் ஒரு தடவை போனவர், தண்ணீர் வந்த பிறகு நிலம் இல்லாததால் இன்னொரு தடவை போனார். 1935-இல். மூன்று வருஷத்தில் திரும்பி வருவதாகத்தான் பேச்சு. கடிதமும் மணியார்டரும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. மூன்று நாள் கழித்துப் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு கடிதம் நின்றது.

எத்தனை வருஷம் தெரியுமா? நாலு வருஷத்துக்கு மேல். இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? நாகை போஸ்டாபீசுக்கே நடந்து போய் விசாரித்தவர்கள் உண்டு. சண்டை முடிந்து 1945 கடைசியில்கூடத் தகவல் இல்லை. உறவுக்காரர்கள் கூடிப் பேசி, "இனிமே வர மாட்டான், கருமாதியைச் செஞ்சு முடிச்சிடலாம்" என்றார்களாம். அப்பாயிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது: "மொதக் கப்பலு வரட்டும். அதுல அவரு இல்லேன்னா அப்பறம் பாத்துக்கலாம்." கூடியிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நெற்றிக் குங்குமத்தை அவர் அழிக்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. 1947-இல் தாத்தாவே வந்தார்.

அந்த இடைவெளியில் அவர் எங்கே இருந்தார்? சயாமில். ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. காடு, மலை, ஆறு, கொட்டுகிற மழை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளையும், அவர்களைப் போல் மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்களையும் அதில் இறக்கினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்ல ஒரு கல்கூடக் கிடையாது. அந்தப் பாதையை வைத்து 1957-இல் ஒரு பிரபலமான ஆங்கிலப் படம் வந்தது. நம்மில் பலர் பார்த்திருப்போம். அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை.

"மூணு மாச வேலைன்னு சொல்லித்தான் லாரியில ஏத்துனான்." தாத்தா இதைப்பற்றி என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் இது. அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். இன்னொன்று, வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேக வைத்தால் அந்த வாசனைக்கே வெளியே போய்விடுவார். அரிசி இல்லாத அந்த வருஷங்களில் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் அவர்கள்.

1947-இல் ஊருக்கு வந்தவர் மூன்றே மாதம் இருந்தார். என் அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. நினைவு தெரிந்து தகப்பனை முதன்முதலாகப் பார்க்கிறார். ஆனால் தாத்தா அந்த மூன்று மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரவுதான். சில சமயம் இரண்டு நாள் கழித்து வருவார். எங்கே என்றால், "ஒரு சோலி" என்பார். பிறகு மறுபடி கப்பல்.

என் அப்பா இதை மன்னிக்கவே இல்லை. "பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த மனுஷன், பெத்த புள்ளையோட ஒக்காந்து ஒரு நாள் பேசல. ஊர் சுத்திக்கிட்டு இருந்தாரு" என்பார். தாத்தாவைப் பற்றிப் பேசும்போது என் அப்பா 'அப்பா' என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'மலையாக்காரர்' என்றுதான் சொல்வார். "மலையாக்காரர் சாப்பிட்டாச்சான்னு கேளு." "மலையாக்காரருக்குப் போர்வை எடுத்துக் குடு." கடமையில் குறை வைக்க மாட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்க மாட்டார்.

1953-இல் என் அப்பாவின் கல்யாணத்துக்கு வந்தபோது, தாத்தா சொன்னபடி மூன்று மா நிலம் வாங்கினார். பதினெட்டு வருஷ உழைப்பு அந்த ஒரு ஏக்கர். "வாங்கியாச்சுல்ல, இருந்துடுங்க" என்றார் அப்பாயி. "தோட்டத்துல இப்ப சேமநிதி புடிக்கிறான். இன்னும் கொஞ்ச வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மலாயாவில் தொழிலாளர் சேமநிதி 1951-இல் வந்தது. அந்தப் பணத்தில்தான் இருபது வருஷம் கழித்து என் விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது.

அது அமைதியான காலம் அல்ல. 1948-இல் மலாயாவில் அவசரநிலை வந்தது. நம் தம்பிக்கோட்டையில் பிறந்து அங்கே தொழிற்சங்கங்களின் தலைவராக உயர்ந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து மண். அந்தத் தலைமுறை வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. "ஊருக்குத்தானே போகப் போறோம்" என்று இருந்துவிட்டார். குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு, மற்றவர்களுக்குச் சிவப்பு. அவரிடம் இருந்தது சிவப்பு. 1969-இல், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்தச் சிவப்புக் கார்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். ஊருக்கு வர வேண்டும் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அங்கே இருக்க முடியாமல் வந்து சேர்ந்தார். 1970-இல் ரஜூலா கப்பலில். 1926-இல் கட்டிய கப்பல் அது. அவர் முதன்முதலாகக் கடல் கடந்த அதே வருஷம். அவரைப் போலவே கிழமாகிப் போய் 1973-இல் அது ஓட்டத்தை நிறுத்தியது.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கொல்லையிலும் மேட்டிலும் தென்னங்கன்று வைத்தார். வயலில் மற்றவர்கள் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மரம் மரமாகப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். நெல் அவருக்குப் பாதி மறந்து போயிருந்தது.

1981-இல் இறந்தார். சாவு வீட்டுக்கு ஊர் ஜனம் வந்தது, உறவு வந்தது. மத்தியானம், எங்களில் யாருக்கும் தெரியாத ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். பேராவூரணிக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து அப்படி அழுதார். என் அப்பா தயங்கித் தயங்கி, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அப்பாவும் மலையா போனவருதாங்க. சயாம்ல கழிச்சல் கண்டு செத்துட்டாரு. அந்தச் சேதிய எங்க வீட்டுக்குக் கொண்டாந்தது இவருதான். நடந்தே வந்தாரு. எங்கம்மா வாசல்ல விழுந்து அழுதாங்க, பொழுது சாயற வரைக்கும் இவரு திண்ணைய விட்டுப் போகல. நீ மட்டும் ஏன்யா பொழச்சு வந்தேன்னு எங்க பாட்டி இவரு சட்டையப் புடிச்சாங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு."

அந்த ஒரு வீடு மட்டும் இல்லை. அவர் பெட்டியைத் திறந்தபோது சிவப்புக் கார்டு, துருப்பிடித்த பால்வெட்டும் உளி ஒன்று, துணியில் சுற்றிய ஒரு காகிதம் இருந்தன. காகிதத்தில் ஒன்பது பேரின் பெயரும் ஊரும். தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. யாரோ ஒரு கிராணியிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு கோடு. 1947-இல் அவர் 'ஊர் சுற்றிய' கணக்கு அதுதான். ஒன்பது வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க ஆள் இனிமே வர மாட்டார்" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு வந்து தன் பிள்ளை முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறார். கப்பல் வருமா என்று காத்திருந்த அப்பாயிக்கு வந்தது கணவர். அந்த ஒன்பது பெண்களுக்கு வந்தது இவர்.

என் அப்பா அந்தக் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, தூக்குவதற்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று சொன்னபோது, "கொஞ்சம் இருங்க. எங்க அப்பாவுக்குச் சட்டையச் சரியாப் போட்டு விட்டுர்றேன்" என்றார்.

நாற்பத்தேழு வயதில் அவர் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

நண்பர்களே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் கல்லூரி மாணவர்களில் பலர் நாளைக்குத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகப் போகிறவர்கள். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கலாம். போங்கள், சம்பாதியுங்கள். கங்காணி அன்றைக்குச் சில்க் ஜிப்பாவில் வந்தார், இன்றைக்கு வேறு உடையில் வருவார். எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். போன பிறகு வாரம் ஒரு தடவை வீட்டோடு பேசுங்கள். தாத்தாவிடம் இல்லாத வசதி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. பணம் மட்டும் அனுப்பினால் பிள்ளைக்கு 'மலையாக்காரர்'தான் மிஞ்சுவார்.

இன்னொன்று, என் போன்ற பழைய மாணவர்களுக்கும் சேர்த்து. நம் டெல்டாவில் பர்மா, மலாயா, சிலோன் போன ஆள் இல்லாத குடும்பம் குறைவு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த விடுமுறையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், கூடப் போனவர் யார், வராமல் போனவர் யார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். நம் சங்கம் அவற்றைச் சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரியில் வைக்கட்டும். ராஜேந்திரனுக்குக் கல்வெட்டு வெட்ட ஆள் இருந்தது. இவர்களுக்கு நாம்தான் எழுத வேண்டும். நான் வரலாறு படித்தவன். கேட்க வேண்டிய எட்டு வருஷத்தில் கேட்காமல் விட்டவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, தாத்தா வைத்த தென்னைகளில் நாலைத் தவிர எல்லாம் சாய்ந்துவிட்டன. அந்த இடத்தில் புதுக் கன்று வைத்திருக்கிறேன். மூன்று மா நிலம் அப்படியே இருக்கிறது. புது ஆற்றுத் தண்ணீர் பாய்கிறது, மேட்டூர் திறக்கிற வருஷங்களில்.

கடைசியாக ஒரு திருத்தம். 1973-இல் வேப்பமரத்தடியில் என்னோடு நின்ற அந்த இரண்டு நண்பர்களும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒருவர் மூன்றாவது வரிசையில், இன்னொருவர் வாசல் பக்கம். அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்டீர்கள், "யாருடா இது?" என்று. நான் பொய் சொன்னேன். ஐம்பது வருஷம் கழித்துச் சரியான பதிலைச் சொல்கிறேன்.

அவர் என் தாத்தா. கடாரம் போனவர். என்னை இந்தக் கல்லூரியில் படிக்க வைத்தவர்.